பம்பை மாற்றும் முன்: டிராக்டர் கேள்வி - பதில்

சேற்றுழவில் வரப்போரம் திருப்பும்போது ஸ்டீயரிங் கல்லாய் இறுகுகிறது. ஆக்ஸிலேட்டரைக் கூட்டினால் இளகிவிடுகிறது. ஸ்டீயரிங்குக்கு ஆயில் தள்ளும் ஹைட்ராலிக் பம்ப் போய்விட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா? - வாசகர், கோபிசெட்டிபாளையம்

அவசரப்படாதீர்கள். ஆர்.பி.எம். (இன்ஜின் சுற்றும் வேகம்) கூடினால் இளகுகிறது என்றால் ஆயில் போதுமான அளவு வரவில்லை என்று அர்த்தம். அதற்குப் பம்ப் மட்டுமே காரணமல்ல. காசு குறைவாகப் பிடிக்கும் காரணங்களை முதலில் பாருங்கள்.

முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, இன்ஜினை நிறுத்திவிட்டு, சக்கரத்தைத் தள்ளித் திருப்பும் ஸ்டீயரிங் சிலிண்டரின் பால் ஜாயிண்டைக் (உருண்டை மூட்டை) கழற்றுங்கள். சக்கரத்தைக் கையால் திருப்பிப் பாருங்கள். அப்போதும் இறுக்கம் இருந்தால் முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பினின் புஷ் கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்கிறது. ஹைட்ராலிக்கில் கைவைக்கவே தேவையில்லை. சேற்றில் ஓடும் வண்டிக்கு இது அடிக்கடி வரும். முன் டயரில் காற்று குறைந்தாலும் ஸ்டீயரிங் கனக்கும்.

அடுத்து ஆயில். அளவு குறைந்திருந்தால் ஏற்கெனவே இருக்கும் அதே வகையை ஊற்றுங்கள். ஓடிய வண்டியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் ஆயில் பிடித்து அசையாமல் வையுங்கள். நுரை மேலேறித் தெளிந்தால் காற்று புகுந்திருக்கிறது. மறுநாளும் மோர் போலக் கலங்கியே இருந்தால் தண்ணீர். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், டேங்க் மூடியின் ரப்பரையும் பாருங்கள்.

காற்று என்றால் டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸைச் சந்தேகியுங்கள். அது உறிஞ்சும் பக்கம் என்பதால் வண்டி ஓடும்போது ஆயில் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் பலர் கண்டுபிடிக்காமல் விடுகிறார்கள். இன்ஜினை ஐடிலில் (ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல்) ஓடவிட்டு, ஹோஸின் கிளாம்ப்களின் மேல் ஒவ்வொன்றாகக் கிரீஸ் பூசுங்கள். எந்த இடத்தில் பூசியதும் பம்பின் முனகல் குறைகிறதோ, அங்கேதான் ஓட்டை.

இதெல்லாம் சரியாக இருந்தால் பால் ஜாயிண்டை மாட்டிவிட்டு, ஐடிலில் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பி லேசாக அழுத்திப் பிடியுங்கள். மெதுவாக நழுவுவது இயல்பு. சளசளவென்று சுற்றிக்கொண்டே போனால் உள்ளே ஆயில் கசிகிறது. கசிவது சிலிண்டரா, ஆர்பிட்ராலா (ஸ்டீயரிங்குக்கு அடியில் ஆயிலை இடம் வலமாகப் பிரித்துவிடும் வால்வு) என்று பிரித்தறிய, இன்ஜினை நிறுத்தி, சிலிண்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் ஆர்பிட்ராலில் கழற்றி, அந்த வாய்களைச் சரியான திரெட்டுள்ள இரும்புப் பிளக்கால் அடைத்து, மறுபடி ஐடிலில் ஓடவிட்டுத் திருப்புங்கள். இறுகி நின்றால் சிலிண்டரின் பிஸ்டன் சீல் போயிருக்கிறது; சீல் கிட் போதும். இன்னும் சுற்றினால் ஆர்பிட்ரால் தேய்ந்திருக்கிறது.

இரண்டிலும் குறை இல்லையென்றால்தான் பம்பைப் பார்க்கவேண்டும். பிரஷர் லைனில் கேஜ் (அழுத்தமானி) மாட்டி, கடைசி வரை திருப்பி, 5 விநாடிக்கு மேல் பிடிக்காமல் அளவெடுத்து மேனுவலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வை முடுக்கிச் சரிசெய்கிறேன் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். ஹோஸும் சீலும் வெடிக்கும்.

ஹோஸ் மாற்றிய பிறகு வலப்பக்கம் திருப்பினால் வண்டி இடப்பக்கம் போகிறது. - வாசகர், பொள்ளாச்சி

சிலிண்டர் ஹோஸ் இரண்டும் இடம் மாறி மாட்டப்பட்டிருக்கின்றன. மாற்றி மாட்டும்வரை வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீர்கள். பிறகு முன்பக்கத்தைத் தூக்கி, ஐடிலில் இரு பக்கமும் 8-10 முறை, கடைசியில் நிறுத்திப் பிடிக்காமல் திருப்பினால் காற்று வெளியேறும். இடையிடையே ஆயிலை நிரப்புங்கள்.

கசிவு தேட மட்டும் ஹோஸ் மேல் கையை ஓட்டாதீர்கள். ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் விரலையே இழக்க நேரலாம். ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள். பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ‘ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போய்விட்டது’ என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

வளைவு முடிந்து நேராகப் போகும்போது ஸ்டீயரிங் வீலின் குறுக்குக் கம்பி ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கிறது. - வாசகர், தாராபுரம்

கோளாறு இல்லை. இந்த ஹைட்ராலிக் வகையில் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஆயில்தான் இருக்கிறது, இரும்புத் தண்டு இணைப்பு கிடையாது. வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் மட்டும் டை ராடு எண்டையும் (முன் சக்கரங்களை இணைக்கும் தண்டின் முனை மூட்டு) டோ-இன் அளவையும் (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கி இருக்கும் அளவு) பாருங்கள்.