காடு திருத்திக் குடியேறிய முன்னோர்களின் வரலாற்றை எப்படித் திரட்டிப் பாதுகாப்பது?

உங்கள் வீட்டிலும் பழைய பத்திரங்களைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு காட்ட மறுக்கும் ஒரு பெரியவர் இருக்கிறார், அதனால்தான் இங்கே வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

எங்களுக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம், போச்சம்பள்ளிப் பக்கம். என் தாத்தாவின் அப்பா திப்பு படையில் தளபதி, வீரத்துக்குப் பரிசாகக் கிடைத்ததுதான் எங்கள் நிலம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பாராமகால் என்று அப்போது அழைக்கப்பட்ட எங்கள் பகுதி திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதே 1792இல். தாத்தா பிறந்தது அதற்கு நூறு வருஷம் கழித்து. தளபதி அந்த வயதில் பிள்ளை பெற்றாரா என்று ஒரு கல்யாணப் பந்தியில் கேட்டேன். அன்றிலிருந்து எனக்குத் திமிர் பிடித்தவன் என்று பெயர்.

சரி, பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போமே என்று சித்தப்பாவிடம் போனேன். "இப்ப எதுக்குடா அது?" என்றார். மறுநாளே அண்ணன் மகன் பாகம் கேட்டு வக்கீல் வைத்துவிட்டான் என்று ஊரெல்லாம் பேச்சு. துணைக்கு இருக்கட்டும் என்று பாலக்கோட்டில் கட்டிக்கொடுத்த பெரிய அத்தையைக் கூட்டிப் போனேன். அது இன்னும் வம்பாகிவிட்டது. 1989இல் பெண்பிள்ளைகளுக்கும் பங்கு என்று சட்டம் வந்ததிலிருந்து அக்கா வாசலில் வந்து நின்றாலே சித்தப்பாவுக்கு வயிற்றைக் கலக்கும். "உன் மண்ணு எனக்கெதுக்குடா, கதையைத்தானே கேக்கறோம்" என்று அத்தை சொல்லியும் பெட்டி திறக்கவில்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அத்தையே கதையை எடுத்தார். அவருடைய ஆயா செத்தபோது பெண்கள் வைத்த ஒப்பாரியில் எல்லாம் வருமாம். தாது வருஷப் பஞ்சத்தில் (1876இல் தொடங்கியது) செங்கம் பக்கமிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு கணவாய் வழியாக வந்தது, சிங்காரப்பேட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு குழந்தையைப் புதைத்துவிட்டு நடந்தது, குலதெய்வக் கோயில் பிடிமண்ணை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து வேப்பமரத்தடியில் சாமி வைத்தது, கல்லு முள்ளு வெட்டிக் கிணறு இறக்கியது. புறப்பட்ட ஊரின் பெயர்கூட அதில் இருந்தது. இழவு வீட்டில் ஆண்கள் பந்தலுக்கு வெளியே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததால் ஒருத்தர் காதிலும் விழவில்லை போலிருக்கிறது.

பிறகு பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டு ஒரு கிரயப் பத்திரத்தின் நகல் வாங்கினேன். அத்தை சொன்ன அதே ஊரைப் போட்டு, அங்கிருந்து வந்து குடியிருக்கும் இன்னாரின் குமாரர் என்று என் தாத்தாவை எழுதியிருந்தது. இத்தனைக்கும் பிள்ளைகளுக்கு மொட்டை போட நாங்கள் காலங்காலமாகச் செங்கம் பக்கம்தான் போகிறோம். தளபதி குடும்பம் எதற்கு அங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை.

"அப்போ நீங்க வந்தேறிதானே" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். ஆமாம், வந்தவர்கள்தான். எங்களுக்கு முன்னால் இங்கே ஆளே இல்லை என்று நான் சொல்லவில்லை. பல்லவர் காலத்து நடுகற்கள் இந்த மண்ணில் நிற்கின்றன. எந்தச் சாதிப் பெருமைக்காகவும் இதை எழுதவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். 1965 அக்டோபர் வரை தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாமே சேலம் ஜில்லா. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். பழைய கணக்குகளைச் சேலம் பெயரில் தேடினால்தான் கிடைக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் அப்படித்தான். காகிதத்தில் பசலி என்று இருந்தால் அது நிலவரிக் கணக்கு ஆண்டு, ஆங்கில ஆண்டு தெரிய 590 கூட்டிக்கொள்ளுங்கள். பசலி 1330 என்றால் 1920. பெரியவர்கள் வருஷப் பெயரைச் சொன்னால் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். தாது என்பது 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வீடென்றால் அப்பா பெயரையும் சேர்த்துப் பார்க்காமல் எந்தக் காகிதத்தையும் நம்பாதீர்கள்.

என் பெரியப்பா மகன் காசு செலவழித்துக் குடும்ப வரலாறு என்று வழவழப்பான தாளில் புத்தகம் போட்டிருக்கிறார். வம்ச மரத்தில் ஒரு பெண் பெயர்கூடக் கிடையாது, அத்தை பெயர் உட்பட. அட்டையில் குதிரை மேல் வாளோடு ஒருவர். அந்தக் காசுக்குத் தோப்புக்குச் சொட்டுநீர்க் குழாயாவது போட்டிருக்கலாம். பூட்டன் வெட்டித் திருத்திய நிலம் முழுக்க இப்போது பெங்களூரா மா. காய் இறங்கும் நேரம் பார்த்து மாங்கூழ் ஆலைக்காரர்கள் விலையை இறக்குகிறார்கள், பறிகூலிக்குக்கூடக் கட்டுவதில்லை. அதைப் பற்றி எழுதினால் ஒரு பயல் லைக் போடமாட்டான். சரி, கேள்விக்கு வருகிறேன்.

முதலில் கட்டிக்கொடுத்துப் போன அத்தைகள், பாட்டிகளைப் பாருங்கள். போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுப் பேசவிடுங்கள், குறுக்கே பேசாதீர்கள். பழைய கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை கிடைத்தால் விடாதீர்கள், உறவுமுறையோடு பெயர்கள் வரிசையாக இருக்கும். எல்லாவற்றையும் படம் எடுத்து நாலைந்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பத்திரத்தை லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் ஒட்டியதைப் பிறகு காகிதம் கிழியாமல் பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம், நாளாக ஆகப் பழுப்பேறி எழுத்தை மறைத்துவிடும்.