1912 லாரன்ஸ் கதைக்கு: ‘துருக்கி’ என்றிருப்பது பிழையில்லை

வணக்கம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸ் ஆலை நகரத்தில், 1912-இல் வளரும் லெபனான் சிறுவனைப் பற்றிக் கதை எழுதுகிறீர்கள். பழைய ஆவணங்களில் ‘துருக்கி’, ‘சிரியா’ என்றே இருக்கிறதே என்று குழம்பியிருக்கிறீர்கள். ஆவணம் சரிதான். அவர்கள் வந்த மலை லெபனான் அப்போது துருக்கியரின் உஸ்மானியப் பேரரசில், சிரியா என்று பொதுவாக அழைக்கப்பட்ட பகுதியில் இருந்தது. இன்றைய லெபனான் நாட்டின் முன்வடிவான ‘பெரும் லெபனான்’ அறிவிக்கப்பட்டதே 1920-இல்தான். அக்கம்பக்கத்தார் அவர்களைச் ‘சிரியர்’ என்றே சொல்வார்கள். சிறுவன் ஊர்ப் பெயரையோ ‘மலை’ என்றோ சொல்லட்டும், இயல்பாக இருக்கும்.

ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அம்மா ஆலையைக் கண்டு மிரள்வதாக எழுதியிருக்கிறீர்கள். மலை லெபனானில் பட்டு நூற்பாலைகள் நிறைய இருந்தன, அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கொதிநீரில் பட்டுக்கூட்டைப் போட்டு இழை பிரித்த கை அது. கம்பளித் தறியின் இரைச்சல் வேண்டுமானால் அவளுக்குப் புதிதாக இருக்கலாம், சங்கு ஊதினால் ஓடுவது புதிதில்லை. எனக்கென்னவோ, கதையே அங்கேதான் இருக்கிறது.

பையனை ஆலைக்கு அனுப்ப 14 வயது ஆகியிருக்க வேண்டும். பொய்ச் சான்று வாங்கி முன்னதாகவே அனுப்பியவர்களும் உண்டு.

அப்புறம், 1912 ஜனவரியில் லாரன்ஸ் ஆலைகளில் தொடங்கிய வேலைநிறுத்தத்தை விட்டுவிடாதீர்கள். வார வேலை 56 மணியிலிருந்து 54 ஆனபோது கூலியையும் குறைத்தார்கள், அதில் வெடித்தது. படையினரின் துப்பாக்கிக் கத்தி குத்தி இறந்த ஜான் ராமி ஒரு சிரிய இளைஞர். உங்கள் சிறுவனின் தெருவில் அன்றிரவு யார் தூங்கியிருப்பார்கள்?