பத்து வருடப் பழைய டெஸ்க்டாப் தானாக அணைகிறது: சரிசெய்வதா, ரேம், எஸ்எஸ்டி போடுவதா, புதியது வாங்குவதா?

குன்னூரில் இருக்கிறீர்கள். 2015-இல் வாங்கிய டெஸ்க்டாப், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். ஆன் ஆகப் பத்து நிமிடம் ஆகிறது, மழை நாட்களில் தானாக அணைந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பக்கத்தில் கோத்தகிரி. பச்சைத் தேயிலைக் கணக்கு எழுதும் வேலை. 2014-இல் வாங்கிய என் டெஸ்க்டாப்பை ஒருமுறை சரிசெய்தேன், ஒருமுறை எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) போட்டேன், கடைசியில் மாற்றியும் விட்டேன். அதனால் மூன்றைப் பற்றியும் சொல்ல முடியும்.

எதைச் செய்வதற்கும் முன்னால் இன்று மாலையே படங்கள், கணக்குகள், சான்றிதழ் ஸ்கேன்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்துவிடுங்கள். எல்லா பாகமும் மாட்டியிருக்கும் பலகையான மதர்போர்டைக் கடையில் வாங்கலாம். அப்பாவின் படத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அப்புறம், நீங்கள் சொல்வது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. மெதுவாக ஆவது வேறு, தானாக அணைவது வேறு. இரண்டையும் சேர்த்து ‘கம்ப்யூட்டர் போச்சு’ என்று கடையில் சொன்னால், புதியது வாங்குங்கள் என்றுதான் பதில் வரும். எனக்கு அப்படித்தான் வந்தது. 2021 நவம்பரில் நல்ல மழை. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். ஒருநாள் காலையில் ஆன் செய்தால் திரை கறுப்பு, விட்டுவிட்டு பீப் சத்தம். கடையில் மதர்போர்டு போய்விட்டது என்றார்கள். மனசு கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் பெட்டியைத் திறந்து, ரேமைக் கழற்றி, அதன் தங்கநிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டுத் திரும்பச் செருகினார். உடனே ஆன் ஆனது. ஈரத்தில் அந்த இடத்தில் மெல்லிய படலம் ஏறித் தொடர்பு விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்.

மலையில் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் ஈரத்தையும் மின்சாரத்தையும் சந்தேகப்படுங்கள். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த பெட்டியில், காலையில் அடுப்பு எரிந்து அறை சூடாகும்போது, உள்ளே இருக்கும் உலோகத்தில் பனித்துளி படியும். அந்த நேரத்தில் ஆன் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடியிருந்தால் எடுத்துவிடுங்கள், ஈரத்தை அது உள்ளேயே பிடித்துவைக்கும். பருத்தித் துணி போதும். மழை மாதங்களில் வேலை இல்லாவிட்டாலும் தினமும் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள்.

தானாக அணைவதற்கு அடுத்த காரணம் எஸ்எம்பிஎஸ், அதாவது மின்சாரம் தரும் அந்தப் பெட்டி. காலையில் எல்லா வீட்டிலும் கீசர் போடும்போது எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கிவிடும். பழைய எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்காது. தெரிந்தவரிடம் நல்லது ஒன்று வாங்கி மாட்டி, இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். அணையவில்லை என்றால் கோளாறு தெரிந்துவிட்டது. அந்த எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். சிபியு மேல் இருக்கும் ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். தேதி அடிக்கடி பின்னால் போய், இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால், சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்தான் காரணம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். ‘காஷன்’ என்று மஞ்சளில் காட்டினால் டிஸ்க் பழுதாகும் நிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பதில் சாட்டா எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க் மாட்டும் அதே இணைப்பில் மாட்டுவது) போடுங்கள். நான் போட்டபோது நான்கைந்து நிமிடம் எடுத்த இயந்திரம் அரை நிமிடத்துக்குள் திறந்தது. இந்தச் செலவில் எனக்குத் தயக்கமே இல்லை, ஏனென்றால் பெட்டி போனாலும் எஸ்எஸ்டியைக் கழற்றி அடுத்ததில் மாட்டலாம். ரேம் அப்படியில்லை. உங்களுடையது டிடிஆர்3 என்ற பழைய வகை என்றால் புதிய போர்டில் ஏறாது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தால் மட்டும் 8 ஜிபி ஆக்குங்கள். அதற்கு முன்னால் விண்டோஸ் 64 பிட்தானா என்று பாருங்கள், 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை.

மதர்போர்டே போயிருந்தால் சரிசெய்யாதீர்கள். அந்தக் காலத்து போர்டு இன்று பழையதாகத்தான் கிடைக்கும், அது எத்தனை நாள் என்று யாரும் சொல்ல முடியாது.

எல்லாம் சரியாகி ஓடினாலும் ஒரு கேள்வி மிச்சம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. வீட்டு உபயோகத்துக்குத் தந்த நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், சிபியு இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். 2015-இல் வாங்கியது அதில் வராது. எனக்கு டாலி என்ற கணக்கு மென்பொருள் இல்லாமல் வேலை நடக்காது, அதற்கு விண்டோஸ் வேண்டும். அதனால்தான் மாற்றினேன். அலுவலகத்தில் ஓடிய எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் ஒன்றைக் கோயம்புத்தூரில் பழையதாக வாங்கி, என் எஸ்எஸ்டியை அதில் மாட்டிக்கொண்டேன். பழைய பெட்டியில் அந்த ஹார்டு டிஸ்க்கைத் திரும்பப் போடவில்லை. சின்ன எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினேன். பிள்ளைகள் படிக்கவும் எழுதவும் அது தாராளமாகப் போதுகிறது.

உங்களுக்கும் வேலை பிரவுசரும் கடிதமும் மட்டும்தான் என்றால், எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி, மின்ட் என்று முடித்துக்கொள்ளுங்கள், புதியது வேண்டாம். டாலி மாதிரி ஏதாவது இருந்தால் எஸ்எஸ்டி மட்டும் இப்போது வாங்கி, நீட்டிப்பு முடிவதற்குள் பெட்டியை மாற்றுங்கள். எதற்காகப் பயன்படுத்துகிறீர்கள், மதர்போர்டு மாடல் எண் என்ன என்று கீழே எழுதுங்கள். ரேம் வகையைப் பார்த்துச் சொல்கிறேன்.