வாசகர் கேள்வி-பதில்: குவளையில் விளையும் படிகம் துளியில் விளையாதது ஏன்?

கேள்வி: ஐயா, வணக்கம். படிவம் 4 படிக்கும் என் மகள் அறிவியல் கண்காட்சிக்காகச் சுடுநீரில் படிகாரம் (கடையில் தாவாஸ் என்று கேட்டு வாங்கியது) கரைத்து வைத்தாள். மறுநாள் குவளையில் கற்கண்டு போலக் கட்டியிருந்தது. அதே கரைசலை எண்ணெய்க்குள் துளித்துளியாக விட்டதில் பாதிக்கு மேல் தெளிவாகவே நிற்கிறது. கரைசலில் கோளாறா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கரைசல் நன்றாகவே இருக்கிறது. துளிகள் தெளிவாக நிற்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய சங்கதி.

100 மில்லி தண்ணீர் 40 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 24 கிராம் படிகாரத்தைக் கரைத்து வைத்திருக்கும். நம் ஊர் வெப்பமான 30 டிகிரியில் 16, 17 கிராம்தான் தாங்கும். ஆறிய பிறகு மிச்சம் உடனே வெளியே வந்துவிடாது. முதலில் அயனிகள் கூடிச் சிறு திரளாக வேண்டும். திரள் மிகச் சிறியதாக இருக்கும்வரை அதன் மேற்பரப்புக்கு ஆகும் ஆற்றல், சேர்வதால் கிடைக்கும் ஆற்றலை மிஞ்சிவிடும். திரள் மறுபடி கரைந்துபோகும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியது மட்டும் வளரும். அதுவே படிகக் கரு. அது எந்த நொடியில் தோன்றும் என்று சொல்ல முடியாது. கன அளவும் காத்திருக்கும் நேரமும் கூடக்கூட வாய்ப்பும் கூடும் என்று மட்டும் சொல்லலாம்.

0.02 மில்லி துளி, 100 மில்லி குவளையில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. கரு தோன்ற உதவும் தூசும் கீறலும் குவளையில் ஏராளம். பல துளிகளில் தூசே இருக்காது. அதைவிட முக்கியம், குவளையில் ஒரு கரு தோன்றினாலே அது முழுக் கரைசலுக்கும் விதையாகிவிடும். துளிகளுக்கு நடுவே எண்ணெய் இருப்பதால் ஒன்றின் படிகம் அடுத்ததைத் தொடாது. அமெரிக்க அறிவியலாளர் டேவிட் டர்ன்புல் 1950களில் பாதரசத்தை நுண்துளிகளாக்கி, அது உறையத் தொடங்கும் வேகத்தை அளந்தது இந்த வழியில்தான். தூய நீரின் நுண்துளிகள் மைனஸ் 38 டிகிரி வரைக்கும் உறையாமல் நிற்பதற்கும் இதுவே காரணம்.

கேள்வி: மாணவர்களை வைத்து இதை முறையாகச் செய்ய அளவுகள் சொல்லுங்கள்.
- ஆசிரியர், சுங்கை சிப்புட்

பதில்: 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 24 கிராம் படிகாரத்தைப் போட்டு 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். கண்ணுக்குக் கரைந்தது போலத் தெரிந்த பிறகும் 15 நிமிடம் அதே சூட்டில் வையுங்கள். கரையாமல் தங்கிய நுண்படிகம் ஒன்று போதும், முடிவு பொய்யாகிவிடும். சூடு ஆறுவதற்குள் காப்பி வடிகட்டும் தாளில் வடியுங்கள்.

தட்டையான பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் திரவப் பாரஃபின் (நிறமற்ற கனிம எண்ணெய்) ஊற்றி, 50 டிகிரி நீரில் மிதக்க விடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு அமிலம் துளியின் ஓரத்தில் படிந்து கருவாக்கத்தை மாற்றக்கூடும். கண்ணாடித் தட்டில் துளி பரவிவிடும், அதனால் பிளாஸ்டிக்கே நல்லது. சிரிஞ்சையும் வெந்நீரில் சூடாக்கிக்கொள்ளுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: ஆறிய ஊசிமுனையில் படிகம் கட்டி, விழும் ஒவ்வொரு துளிக்கும் விதை போட்டுவிடும்.

ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் 50 துளிகள் விட்டு, 30 டிகிரிக்கு ஆறியதும் நேரம் குறிக்கத் தொடங்குங்கள். ஒன்றுமே கட்டாவிட்டால் நீரின் வெப்பத்தை 2 டிகிரி வீதம் இறக்குங்கள். டப்பாவை ஆட்டக்கூடாது, துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் கணக்கு கெடும்.

ஒரே வெப்பத்தில் 2 மணி நேரம் வைத்து, 50இல் 30 தெளிவாக நின்றதாகக் கொள்வோம். தெளிவாக நின்ற பங்கு 0.6. அதன் இயல் மடக்கை (கணிப்பானில் ln) மைனஸ் 0.51. கரு தற்செயலாகத் தோன்றுவதால், மைனஸ் குறியை நீக்கினால் கிடைப்பதே துளிக்குச் சராசரிக் கரு: 0.51. அதை 0.02 மில்லியாலும் 2 மணியாலும் வகுத்தால், மில்லிக்கு மணிக்குச் சுமார் 13 கரு. இதே வேகத்தில் 100 மில்லியில் மணிக்கு ஆயிரத்துக்கு மேல் வரும். குவளை தெளிவாக நிற்க வழியே இல்லை.

நேரத்துக்கு எதிராக அந்த மடக்கையை வரையச் சொல்லுங்கள். நேர்கோடாக இறங்கினால் துளிகள் எல்லாம் ஒரே மாதிரி. முதலில் வேகமாக இறங்கிப் பிறகு படுத்துவிட்டால், தூசு விழுந்த துளிகள் முதலில் கட்டி, சுத்தமானவை மிஞ்சியிருக்கின்றன. வடிகட்டலை இன்னொரு முறை செய்யுங்கள். மாணவர்கள் இந்த வரைபடத்தைக் கட்டாயம் வரைய வேண்டும். கண்ணால் பார்ப்பது மட்டும் இந்த வித்தியாசத்தைக் காட்டாது.

கேள்வி: குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பாமாயில் போத்தல் வெள்ளையாகக் கட்டிவிட்டது. கெட்டுவிட்டதா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கெடவில்லை. எளிதில் உறையும் கொழுப்பு படிகமாகிறது, அவ்வளவே. ஆலைகளில் எண்ணெயை மெல்லக் குளிரவைத்து, கட்டும் ஸ்டியரினை வடித்தெடுத்துத்தான் சமையல் எண்ணெயான ஓலினைப் பிரிக்கிறார்கள். போத்தலை வெளியே வையுங்கள். அடியில் தங்கினால் இளஞ்சூடான நீரில் நிறுத்துங்கள்.