வெறும் அச்சுக்காரர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தம் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்கு வந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. இந்த ஊரின் முதல் பத்திரிகையான ‘சவுத் ஆஸ்திரேலியன் கெஜட் அண்ட் காலனியல் ரெஜிஸ்டர்’ பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதல் இதழ் 1836 ஜூன் 18 அன்று லண்டனில் வந்திருக்கிறது. இரண்டாவது இதழ் 1837 ஜூன் 3 அன்று இங்கே. ஏன் இந்த ஓராண்டு இடைவெளி? இன்னொன்று, உங்கள் உரையில் ராபர்ட் தாமஸைப் பற்றி நெகிழ்ந்து பேசினீர்கள். எழுதியவர் ஜார்ஜ் ஸ்டீவன்சன்தானே? தாமஸ் வெறும் அச்சுக்காரர். அதுவும் பிறர் நிலத்தில் குடியேறியவர்.
கே.

அன்புள்ள கே.,

இடைவெளிக்குக் காரணம் எளிது. ஊரே இல்லை. தாமஸ் குடும்பம் ஆஃப்ரிக்கேன் கப்பலில் நான்கு மாதத்துக்கு மேல் பயணம் செய்து 1836 நவம்பரில் ஹோல்ட்ஃபாஸ்ட் விரிகுடாவில் இறங்கியபோது கூடாரம் போட மணல் மட்டும்தான் இருந்தது. நில அளவைத் தலைவர் கர்னல் லைட் அளந்து முடித்து மனைகள் கைக்கு வரவே 1837 மார்ச் ஆகிவிட்டது. சரி, இதை நீங்களே தேடியிருக்கலாம்.

குடியேறி என்பது உண்மை. அது கௌர்னா என்ற பூர்வகுடி மக்களின் நிலம். அதை மறுத்து நான் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

ஆனால் ‘வெறும்’ என்று எழுதினீர்களே, அந்தச் சொல்லைத்தான் என்னால் தாண்டிப்போக முடியவில்லை. வெறும் என்றால் என்னவென்று நினைத்தீர்கள்? லண்டன் ஃப்ளீட் தெருவில் வழக்கறிஞர்களுக்கான தாள், எழுதுபொருள் வியாபாரம் செய்து ஓரளவு நிலைபெற்ற மனிதர். ஐம்பதைத் தாண்டிய வயது. மனைவி மேரி, பிள்ளைகள். கூடவே ஸ்டான்ஹோப் என்ற இரும்பு அச்சு இயந்திரம், பெட்டி பெட்டியாக ஈய எழுத்துகள். ஸ்டீவன்சன் கவர்னரின் அந்தரங்கச் செயலாளராக வந்தவர். பேனாவும் பதவியும் கூட வந்தன, எடை கிடையாது. ஒரு ‘சி’ குறைந்தால் வாங்கிக்கொள்ள அந்தக் கரையில் யாரிடம் போவது? நனைந்த மணலில் ஒரு கேஸ், அதாவது எழுத்துகளைப் பிரித்துவைக்கும் அறைப்பெட்டி, கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பது எழுத்து கோத்தவனுக்குத்தான் தெரியும். ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கழுவி, அதனதன் அறையில் திரும்பப் போடவேண்டும்.

1836 டிசம்பர் 28 அன்று கவர்னர் ஹிண்ட்மார்ஷின் பிரகடனம் வாசிக்கப்பட்டது. அந்த நிலத்தில் முதலில் அச்சானது அதுதான், அச்சிட்டவர் தாமஸ். பூர்வகுடிகளுக்கும் சட்டத்தின் சம பாதுகாப்பு உண்டு என்று அதில் வாக்குறுதி இருக்கிறது. அந்த வரியை ஈயத்தில் கோத்தது அவருடைய கூடம்.

நான்கு வருடம் கழித்து, 1840-ல், மரியா என்ற கப்பல் கூரோங் கரையோரம் உடைந்தது. கரையேறியவர்கள் அந்தப் பகுதிப் பூர்வகுடிகளால் கொல்லப்பட்டார்கள். அப்போதைய கவர்னர் கௌலர் போலீஸ் கமிஷனர் ஓ’ஹாலரனை அனுப்பினார். நீதிமன்ற விசாரணை இல்லாமலே இரண்டு பூர்வகுடிகள் தூக்கிலிடப்பட்டார்கள். ரெஜிஸ்டர் அதைக் கண்டித்தது. எழுதியது ஸ்டீவன்சன், ஒத்துக்கொள்கிறேன், துணிச்சலான எழுத்து. விளைவு? அரசாங்க அச்சு வேலை பறிபோனது. அச்சகத்தைத் தாங்கிநின்றதே அந்த வேலைதான். 1842-ல் பத்திரிகை ஜேம்ஸ் ஆலனுக்கு விற்கப்பட்டது. பங்குதாரர் என்ற முறையில் ஸ்டீவன்சனும் இழந்தார், ஆனால் சில வருடங்களில் வேறொரு பத்திரிகைக்கு ஆசிரியராகிவிட்டார்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. பத்தொன்பது வயதில் ஓர் அச்சகத்தில் கம்போசிங், அதாவது எழுத்துக் கோக்கும் வேலை, கற்றேன். முதலாளியை அண்ணாச்சி என்போம். ஓர் அலுவலகத்தின் அநியாயத்தைப் பற்றி நண்பர் ஒருவர் எழுதிய துண்டுப் பிரசுரத்தை நான்தான் கோத்தேன். கீழே அச்சகத்தின் பெயர் போடவேண்டும், அது சட்டம். போடாமலே விட்டுவிடலாமா என்று கேட்டேன். “போடுறா” என்றார் அண்ணாச்சி. கூட்டத்தில் நண்பருக்குக் கைதட்டல். அடுத்த மாதத்திலிருந்து ரசீதுப் புத்தகம், படிவம் எல்லா ஆர்டரும் நின்றன. வருடம் முடிவதற்குள் ட்ரெடில் அச்சு இயந்திரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். எழுத்துகளை எடைக்குப் போட்டார். தராசுத் தட்டைப் பார்த்தபடி, “எழுதினவன் காகிதத்தை எடுத்துக்கிட்டுப் போயிருவான். இதை நான் எங்க தூக்கிட்டுப் போறது?” என்றார். நண்பரைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

அண்ணாச்சி நின்ற நிலையில்தான் தாமஸும் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்தத் தலையங்கத்தை அச்சேற்ற மாட்டேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். இயந்திரம் அவர் அச்சகத்தில் இருந்தது, நெம்புகோலை இழுக்காமல் விட்டால் போதும்.

கே., உங்கள் மேல் கோபம் இல்லை. அந்நிய ஊரில் இருந்துகொண்டு, அந்த ஊரின் பழைய தாள்களைப் புரட்டுகிறீர்கள், யாரும் சொல்லாமலே. அது எனக்குப் பிடித்திருக்கிறது. அடுத்து மேரி தாமஸின் நாட்குறிப்பைப் படியுங்கள், கூடார வாழ்க்கை அதில்தான் கிடைக்கும். அப்புறம் ஒன்று. அவர்கள் மகன் வில்லியம் கிஃபின் தாமஸ் 1853-ல் வேறு சிலருடன் சேர்ந்து ரெஜிஸ்டரைத் திரும்ப வாங்கினார். தாமஸ் இறந்தது 1860-ல். ஏழு வருடம் அதைக் கண்ணால் பார்த்தார்.