வெளியே வரும் வழி எங்கே? டேட்டாபேஸ் கேள்வி-பதில்

ஜூன், ஜூலையில் கிருஷ்ணகிரியில் யாருக்கும் தலை சொறிய நேரம் இருக்காது. மாங்காய் வரத்து ஓய்ந்த பிறகுதான் சீசன் நடுவில் சர்வர் நின்றுபோனது ஞாபகம் வரும், கடிதங்களும் வரும். இந்த முறை மூன்று பேர் ஊர்ப் பெயர் தவிர ஒரு விவரமும் எழுதவில்லை. அவர்களை முதலில் முடித்துவிடுகிறேன்.

எங்களுக்கு எந்த டேட்டாபேஸ் பெஸ்ட்? அவசரம், உடனே பதில் தேவை. (தருமபுரி, ஊத்தங்கரை, இன்னொரு தருமபுரி)

எதற்கு? எத்தனை பேர் ஒரே நேரத்தில் உட்காருவார்கள், டேட்டா எத்தனை ஜி.பி., பார்த்துக்கொள்ள ஆள் உண்டா? இந்த மூன்றையும் எழுதாமல் அவசரம் என்றால் அவசரமாக என்ன சொல்வது? போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸைப் போடுங்கள். தப்பாகப் போனாலும் செலவு குறைவு.

பர்கூரில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆரக்கிள் டேட்டாபேஸ் கோர்ஸுக்கு நாற்பதாயிரம் கேட்கிறார்கள். சீனியர் அண்ணன் போஸ்ட்கிரெஸ்தான் இனி என்கிறார். எதைப் படிக்கலாம் சார்?

தம்பி, அந்த நாற்பதாயிரம் அப்பாவிடமே இருக்கட்டும். ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் 1970-ல் எழுதிய ஒரு கட்டுரையில் கிளம்பியதுதான், டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான இந்த எஸ்.க்யூ.எல். குடும்பம் முழுவதும். அதை அழிக்கப் போவதாகச் சொல்லி வந்தவர்கள் பலர். அவர்களில் பாதிப் பேர் பிறகு தங்கள் சரக்கிலேயே எஸ்.க்யூ.எல். சேர்த்துக்கொண்டார்கள். ஜாயின், இண்டெக்ஸ், டிரான்ஸாக்‌ஷன் மூன்றும் கைக்கு வந்துவிட்டால் ஒரு கம்பெனி டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது ஒரு மாத வேலை.

சீனியர் சொல்வதும் பொய் இல்லை. புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2023-ல் எடுத்த கருத்துக்கணிப்பில் போஸ்ட்கிரெஸ் சுமார் 45 சதவீதத்தோடு முதலிடத்துக்கு வந்தது, இன்னொரு இலவச டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் 41 சொச்சம். ஆனால் பெரிய வங்கிகள் ஆரக்கிளை அவ்வளவு சுலபத்தில் விடாது. ஆரக்கிளும் பார்த்தாக வேண்டும் என்றால் அவர்களே இலவசப் பதிப்பு தருகிறார்கள். டேட்டா 12 ஜி.பி., மெமரி 2 ஜி.பி. வரைதான். படிக்க அது தாராளம்.

காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரி. ஜூன் கடைசியில் ஒரு ராத்திரி எடைமேடை சாஃப்ட்வேர் புது என்ட்ரி எதையும் ஏற்கவில்லை. பழைய பில் எல்லாம் திறக்கிறது. டிஸ்க்கில் 400 ஜி.பி. காலி. லைசென்ஸ் வாங்கினால்தான் சரியாகும் என்கிறார் சாஃப்ட்வேர்காரர்.

நீங்கள் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டில் 1827 என்ற எண்ணும், அதன் கீழே 10240 எம்.பி. என்ற அளவும் தெரிகிறது. விஷயம் அவ்வளவுதான். உங்களிடம் இருப்பது மைக்ரோசாஃப்ட்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் டேட்டாபேஸின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு. ஒரு டேட்டாபேஸ் 10 ஜி.பி.யைத் தாண்ட விடாது. டிஸ்க்கில் எவ்வளவு காலி என்பதை அது பார்ப்பதே இல்லை.

ஆனால் எடைச் சீட்டு போட்டு 10 ஜி.பி. நிரம்புமா? ஒரு சீட்டு அரை கே.பி.கூட வராது. பத்து சீசன் போட்டாலும் நிரம்பாது. நிரப்பியது உங்கள் எடைமேடை கேமரா. லோடு வண்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, காலி வண்டிக்கும் அதே மாதிரி, ஆக நாலு போட்டோ. நாளுக்கு 250 வண்டி என்றால் ஆயிரம் போட்டோ. ஒன்றுக்கு 300 கே.பி. வைத்தால் தினமும் 300 எம்.பி. மே கடைசியில் பெங்களூரா மாங்காய் வர ஆரம்பித்திருக்கும், ஜூன் கடைசியில் கதவு சாத்திக்கொண்டது. கணக்கு சரியாக இருக்கிறதா?

போட்டோவை ஒரு ஃபோல்டரில் வைத்து, டேபிளில் அதன் பாதையை மட்டும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு நாள் வேலை. லைசென்ஸ் பேச்சை அதற்கப்புறம் எடுக்கலாம். பழைய போட்டோவை டேபிளிலிருந்து எடுக்குமுன் பேக்கப் எடுத்து, அதை வேறு மெஷினில் ரீஸ்டோர் செய்து பாருங்கள்.

இன்னொன்று. இந்த இலவச எல்லை 2005-ல் 4 ஜி.பி. 2008 ஆர்2 பதிப்பில் 10 ஆனது. 2022 பதிப்பு வரை அதிலேயே நின்றது. 2025 பதிப்பில் ஒரேயடியாக 50. மைக்ரோசாஃப்ட்டுக்குத் திடீரென்று மனசு இளகிவிட்டதாக நான் நினைக்கவில்லை. எல்லையே இல்லாமல் இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ் வாசலில் நிற்கும்போது வேறு என்ன செய்வார்கள்?

தருமபுரியில் ஜவுளிக்கடை. எங்கள் பில்லிங் மைஎஸ்க்யூஎல்லில் ஓடுகிறது. அதை ஆரக்கிள் மூடப்போவதாகக் கேள்விப்பட்டோம்.

2010-ல் சன் கம்பெனியோடு சேர்த்து மைஎஸ்க்யூஎல் ஆரக்கிள் கைக்குப் போன நாளிலிருந்து இந்த வதந்தி உண்டு. மூடவில்லை. அப்படி ஏதாவது நடந்தால் என்ன செய்வது என்றுதான் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான விடேனியஸ் 2009-லேயே அதன் கோடிலிருந்து மரியாடிபி என்ற தனி டேட்டாபேஸைப் பிரித்தெடுத்தார். மைஎஸ்க்யூஎல்லில் உள்ள 'மை' மூத்த மகள் பெயர், 'மரியா' இளைய மகள் பெயர். நீங்கள் பார்க்க வேண்டியது பதிப்பை. 5.7-க்கு ஆதரவு 2023 அக்டோபரோடு போயிற்று, 8.0-க்குக் கெடு 2026 ஏப்ரல். தீபாவளிக் கூட்டத்துக்கு நடுவில் பதிப்பு மாற்றாதீர்கள்.

கிருஷ்ணகிரி, கிரானைட் ஏற்றுமதி. ஒன்பது வருடமாக ஒரே சாஃப்ட்வேர். வேறு ஒன்றுக்கு மாறலாம் என்று டேட்டாவைக் கேட்டால் சாஃப்ட்வேர்காரர் இரண்டு லட்சம் கேட்கிறார். பாஸ்வேர்டும் தர மறுக்கிறார். டேட்டா எங்களுடையதுதானே?

உங்களுடையதுதான். சாவி மட்டும் அவரிடம்.

இந்தக் கேள்வியை வருடத்துக்கு ஏழெட்டு முறை படிக்கிறேன், ஒவ்வொரு முறையும் அதே எரிச்சல். ஒன்பது வருட பிளாக் நம்பர், நீள அகல உயரம், கழிவு போக நிகர அளவு, எந்தக் குவாரி, எந்தக் கன்டெய்னர், எல்லாம் உங்கள் ஆட்கள் வெயிலில் நின்று டேப் பிடித்து எழுதியது. அதை உங்களிடமே விற்கிறார். அவர் மேல் கோபம் வருவது நியாயம். ஆனால் ஒன்பது வருடம் முன்னால் கையெழுத்துப் போட்டபோது, போகும்போது டேட்டா எப்படி வரும் என்று நீங்கள் கேட்டீர்களா? ஒரு லாரி வாங்கினால் ஆர்.சி. புக் யார் பேரில் என்று பார்க்கிறோமே!

நானும் யோக்கியன் இல்லை. பல வருடம் முன்னால் ஒரு மருத்துவமனைக்கு சாஃப்ட்வேர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். ஓட்டம் அருமை, ரிப்போர்ட் அருமை. மாறும் நேரம் வந்தபோது டேட்டா வந்தது, பி.டி.எஃப். ஆக. பதினோராயிரம் பக்கம். இரண்டு பெண்கள் ஒரு மாதம் உட்கார்ந்து தட்டினார்கள். 03/04 என்று இருந்தால் மார்ச்சா ஏப்ரலா என்று பழைய சீட்டை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து டெமோவுக்கு வருபவரிடம் என் முதல் கேள்வி, வெளியே வரும் வழி எங்கே என்பதுதான். பாதிப் பேர் முழிப்பார்கள்.

உலக அளவிலும் இந்தத் தொழில் ஓடுவது இந்தப் பூட்டில்தான். அமேசானை விடப் பெரிய ஆளா நாம்? ஆரக்கிளிலிருந்து வெளியே வர அவர்களுக்கே வருடக்கணக்கில் ஆனது. 2019-ல் முடித்தோம் என்று அறிவித்தபோது கணக்கு சுமார் 7,500 டேட்டாபேஸ், 75 பெட்டாபைட். டேபிளை நகர்த்துவது சுலபம். ஆரக்கிளுக்கென்றே எழுதி டேட்டாபேஸுக்குள் வைத்த புரோகிராம்களை, அதாவது ஸ்டோர்டு புரொசீஜர்களைப் பெயர்ப்பதுதான் முதுகை ஒடிக்கும். அப்படி வெளியே வந்த அமேசான் இன்று தன் சொந்த டேட்டாபேஸ்களை மற்றவர்களுக்கு வாடகைக்கு விடுகிறது. அங்கேயும் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்துவிட்டே நுழையுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. முதலில் ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து, தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள். சர்வர் உங்கள் ஆபீசிலேயே, எஸ்.க்யூ.எல். சர்வரிலேயே இருந்தால், அந்த மெஷினின் விண்டோஸ் அட்மின் உரிமை உள்ளவர் சிங்கிள் யூசர் முறையில் திறந்து புது லாகின் சேர்க்க முடியும். தெரிந்த ஆள் செய்யட்டும், முழு பேக்கப் எடுத்த பிறகு செய்யட்டும். அவருடைய கிளவுடில் இருந்தால் பேரம்தான். இரண்டு லட்சத்தை ஐம்பதாயிரமாக்கப் பாருங்கள், பி.டி.எஃப். என்றால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

புதியவரிடம் ஒப்பந்தத்தில் இதை எழுதி வாங்குங்கள்: கேட்ட ஏழு நாளில் எல்லா டேபிளும் எக்செல்லில் திறக்கக்கூடிய சி.எஸ்.வி. ஃபைலாக, எந்த நெடுவரிசையில் என்ன இருக்கிறது என்ற விளக்கத்தோடு, தனிக் கட்டணம் இல்லாமல். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஓசூரில் சிறிய ஸ்டார்ட்அப். ரெடிஸ் லைசென்ஸ் மாற்றியதால் வால்கீக்குப் போக வேண்டுமா?

நீங்கள் ரெடிஸையே சேவையாக விற்கவில்லையே? பதற வேண்டாம். ரெடிஸ் மாதிரி டேட்டாபேஸை எழுதுபவருக்கும் அதை வாடகைக்கு விட்டு சம்பாதிக்கும் கிளவுடுகாரருக்கும் நடக்கும் சண்டை இது. லைசென்ஸை இறுக்குவதை மோங்கோடிபி 2018-ல் ஆரம்பித்தது, எலாஸ்டிக் 2021-ல், ரெடிஸ் 2024 மார்ச்சில். ரெடிஸ் கதவைச் சாத்திய சில நாளிலேயே அதன் பழைய கோடிலிருந்து பிரிந்து லினக்ஸ் ஃபவுண்டேஷன் நிழலில் வால்கீ பிறந்துவிட்டது. அடுத்த வருடமே ரெடிஸ் ஏ.ஜி.பி.எல். என்ற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸோடு திரும்பி வந்தது. பழைய 7.2-இல் இருந்தால் வால்கீக்குத் தாவுவது ஏறக்குறைய வலியில்லாத வேலை. ஓசூரில் உங்களுக்கு இந்தக் கதவு திறந்தே இருக்கிறது, கிருஷ்ணகிரி கிரானைட்காரரைப் பாருங்கள்.

ஏ.ஐ. சாட்பாட் செய்கிறோம். நாற்பதாயிரம் பக்கம் இருக்கிறது. தனியாக வெக்டர் டேட்டாபேஸ் வாங்க வேண்டுமா?

வேண்டாம். இருக்கும் போஸ்ட்கிரெஸிலேயே, அர்த்தத்தை வைத்துத் தேட உதவும் பிஜிவெக்டர் என்ற இணைப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கங்கள் கோடிக்கணக்கில் போனால் மறுபடி எழுதுங்கள்.

ஸ்னோஃப்ளேக் பங்கு வாங்கலாமா?

பங்கு ஜோசியம் எனக்குத் தெரியாது. ஆனால் 2025-ல் ஸ்னோஃப்ளேக்கின் போட்டி டேட்டா கம்பெனியான டேட்டாபிரிக்ஸ் சுமார் நூறு கோடி டாலர் கொடுத்து நியானையும், அடுத்த மாதமே ஸ்னோஃப்ளேக் கிரஞ்சி டேட்டாவையும் வாங்கின. விலைபோன இரண்டுமே போஸ்ட்கிரெஸை வைத்துத் தொழில் செய்த கம்பெனிகள். இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு ஏன் இவ்வளவு விலை என்று யோசித்துவிட்டு உங்கள் புரோக்கரைக் கேளுங்கள்.

பென்னாகரம், அரசுப் பள்ளி ஆசிரியை. 600 மாணவர்களின் மதிப்பெண் வைக்க எந்த டேட்டாபேஸ் நல்லது?

எக்செல் போதும், டீச்சர்.

பாலக்கோடு தக்காளி மண்டி. தினமும் பென் டிரைவில் பேக்கப் எடுக்கிறோம். போதும்தானே?

அந்த பென் டிரைவ் இப்போது எங்கே? சர்வரிலேயே செருகி இருந்தால் அதை பேக்கப் என்று சொல்லாதீர்கள், ஒரே இடி இரண்டையும் கொண்டுபோகும். புரோகிராமர்கள் கோட் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் 2017-ல் தவறுதலாக டேட்டாவை அழித்துவிட்டு மாட்டியபோது ஐந்து விதமாக பேக்கப் ஏற்பாடு வைத்திருந்தார்கள். அவசரத்துக்கு ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. யாரோ தற்செயலாக எடுத்து வைத்த ஒரு நகலால் ஆறு மணி நேர டேட்டா இழப்போடு தப்பித்தார்கள். நாளைக்கு மண்டி முடிந்ததும் பென் டிரைவை உருவி, வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, போன செவ்வாய்க்கிழமை எத்தனை பெட்டி என்று பாருங்கள். துண்டுச் சீட்டில் உள்ள கணக்கோடு பொருந்தினால் கடிதம் போடுங்கள். பொருந்தாவிட்டால் போன்.