எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றால் காயத்துக்குள் எதுவும் இல்லை என்று கொள்ளலாமா?

திருமங்கலம் பக்கம் வயலில் அப்பாவின் பாதத்தில் சீமைக்கருவேல முள் குத்தியதாகவும், எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்ட பிறகும் மூன்று வாரமாக வீக்கமும் சீழும் அடங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். முள்ளின் துண்டு உள்ளே தங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

மதுரையில் ஸ்கேன் பார்க்கும் மருத்துவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். இரும்பு, ஈயக் குண்டு, கல் ஆகியவை எக்ஸ்ரேயில் தெரியும். கண்ணாடியும், மிகச் சிறிய சில்லாக இல்லாதவரை, பெரும்பாலும் தெரிந்துவிடும். முள், மரச்சிராய், துணி, பெரும்பாலான பிளாஸ்டிக் ஆகியவை கதிர்களை ஏறக்குறையத் தசையைப் போலவே கடந்துபோக விடுவதால், படத்தில் தனியாகத் தெரிவதில்லை.

இவற்றுக்கு முதலில் செய்ய வேண்டியது, மேலோட்டமான பகுதிகளுக்கான கருவியைக் கொண்டு அந்த இடத்தை மட்டும் பார்க்கும் அல்ட்ராசவுண்ட். முள் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். அதன் கீழே நிழல் விழும். நாள்பட்டதாக இருந்தால் சுற்றிலும் கருவளையம் போல அழற்சி படர்ந்திருக்கும். நேர் மேலே தோலில் பேனாவால் குறியிட்டு அனுப்பினால், அறுவை மருத்துவர் தேடித் துழாவ வேண்டியதில்லை. எலும்புக்குப் பின்னால் மறைந்திருந்தாலோ காயத்துக்குள் காற்று புகுந்திருந்தாலோ அல்ட்ராசவுண்டும் ஏமாற்றும், அப்போது சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தேவைப்படும். உள்ளே இரும்புத் துண்டு இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், அதைத் தெளிவுபடுத்தாமல் எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது.

பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு நடக்கும் நாட்களில் மாடு குத்திய காயத்திலும் இதே சிக்கல்தான். கொம்பு நுழைந்த வாய் சிறிதாகத் தெரிந்தாலும், உள்ளே வெவ்வேறு திசைகளில் கிழித்திருக்கும். மண்ணும் உடுத்திய துணியும் கூடவே போயிருக்கும். கிழிந்த பனியனை விரித்து, துணி வெறுமனே கிழிந்திருக்கிறதா, ஒரு துண்டே காணாமல் போயிருக்கிறதா என்று பார்ப்பது எந்த இயந்திரத்துக்கும் குறையாத சோதனை என்பது என் கருத்து. (குத்திய பொருள் உடலிலேயே நின்றால், அதைப் பிடுங்காமல் அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.)

உங்கள் அப்பாவிடம், பிடுங்கியபோது முள்ளின் நுனி முழுதாக இருந்ததா என்று கேளுங்கள். ஸ்கேன் சீட்டில் வெறுமனே ‘பாத வீக்கம்’ என்று இல்லாமல், ‘முள் குத்தியது, மூன்று வாரம்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து பார்த்தால்தான் அந்தச் சிறு கோடு கண்ணில் படும். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் நாளைக்கே போய்விடுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால், அதற்கான டி.டி. ஊசியைப் பற்றியும் அங்கேயே கேட்டுவிடலாம்.